ஒரே பாகு, நாலு மிட்டாய்: பொரி உருண்டையில இருந்து கோவில்பட்டி கடலை மிட்டாய் வரைக்கும் வீட்டுலயே பண்றது எப்படி

பொரி உருண்டை, கமர்கட், எள்ளு மிட்டாய், கடலை மிட்டாய் இந்த நாலுக்கும் தனித்தனியா ரெசிபி தேடி யூடியூப்ல நாலு வீடியோ பாக்க வேண்டியதே இல்ல. நாலும் ஒரே வெல்லப்பாகுதான். அந்தப் பாகு கொதிச்சு மேல ஏறிக்கிட்டே போகும்போது எந்த இடத்துல அடுப்ப நிறுத்துறீங்கங்கறதுல தான் மொத்த வித்தியாசமும் இருக்கு. அதனால இத மிட்டாய் வாரியா சொல்லாம பதம் வாரியா சொல்றேன், நடுவுல இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்ற கதையும் வரும், கதை வேணாம்னு நினைக்கிறவங்க தாண்டிப் போய்க்கலாம், ஆனா கடலை மிட்டாய்க் கதைய மட்டும் படிச்சிருங்க.

முதல்ல வெல்லம். பாதி பேருக்கு மிட்டாய் சொதப்புறது இங்கதான். கடையில போய் வெறுமனே வெல்லம்னு கேக்காம பாகு வெல்லம்னு கேட்டு வாங்குங்க, நல்லா கருஞ்சிவப்பா இருக்கும், அச்சு வெல்லத்த விட விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல. பளிச்சுனு மஞ்சளா, பாக்கவே அழகா இருக்கற வெல்லத்துல பெரும்பாலும் நிறத்துக்காக ஹைட்ரோஸ்ங்கற வெளுக்க வைக்கற ரசாயனம் போட்டிருப்பாங்க, சிலதுல சர்க்கரையும் கலந்திருக்கும், அதுல பாகு வெச்சா பதம் புடிபடாது, ஒண்ணு பூத்துப்போய் மாவு மாதிரி உதிரும் இல்லன்னா எவ்ளோ நேரம் கொதிச்சாலும் இறுகாது. வெல்லம் வாங்கும்போது நிறத்தப் பாத்து ஏமாறாதீங்க, அழுக்கா இருக்கறதுதான் இங்க நல்லது.

பாகு காய்ச்சுறதுங்கறது நம்ம ஊர்ல நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படைலயே காஞ்சிபுரத்துக்குப் போற வழியில கரும்பாலைகள்ல பாகு காய்ச்சுற புகை சூழ்ந்து நிக்கும், அங்க போய் கரும்புச் சாறு வாங்கிக் குடிங்கன்னு பாணனுக்கு வழி சொல்றாங்க. தெக்கத்திப் பக்கம் கரும்ப விட பனைதான் அதிகம், அதனால அங்க ரொம்ப காலம் கருப்பட்டிதான் இனிப்பு. உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கூட கெடச்சிருச்சு. கருப்பட்டியிலயும் இந்த மிட்டாய் எல்லாம் பண்ணலாம், ஆனா முதல் தடவையே அதுல கை வைக்காதீங்க, நல்ல கருநிறமா இருக்கறதால பாகோட நிறம் மாறுறது கண்ணுக்குத் தெரியாது, மண்ணும் கூட இருக்கும், துணில ரெண்டு தடவ வடிகட்டணும்.

இப்போ அடுப்புக்கு வருவோம். அடி கனமான இரும்புச் சட்டி இல்லன்னா உருளி எடுத்துக்கோங்க, நான்ஸ்டிக்ல பண்ணாதீங்க, அதுல பாகோட நிறம் தெரியாது, அந்தச் சூடும் கோட்டிங்குக்கு ஆகாது. பொடிச்ச வெல்லம் ஒரு கப்புக்கு தண்ணி கால் கப் போதும், வெல்லம் கரையத்தான் தண்ணி, அதுக்கு மேல ஊத்துனா அத வத்த வைக்கறதுக்குத்தான் கேஸ் செலவு. கரைஞ்சதும் எறக்கி வடிகட்டிட்டு சட்டியக் கழுவித் தொடச்சிட்டு மறுபடி ஊத்துங்க, வெல்லத்துல எப்பவும் மண்ணு, தும்பு, சில நேரம் ஈர்க்குச்சி எல்லாம் இருக்கும். பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணத்துல பச்சத் தண்ணி வெச்சுக்கோங்க. நம்மளோட தெர்மாமீட்டரே இந்தக் கிண்ணம் தான்.

நடுத்தரத் தீயில பாகு கொதிக்கும். கொதிக்கக் கொதிக்க தண்ணி ஆவியாப் போகும், தண்ணி குறையக் குறைய பாகோட சூடு ஏறும், இதான் உள்ள நடக்கறது. நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேல கொதிக்க ஆரம்பிச்சது நூத்தம்பது வரைக்கும் போகும். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு சொட்டு எடுத்து கிண்ணத்துல விடுங்க. முதல்ல விட்டதும் கரைஞ்சு காணாமப் போயிரும். அப்புறம் அடியில போய் தேங்கி நிக்கும், கையில எடுத்தா வழவழன்னு ஒழுகும். அதுக்கப்புறம் விரலால கூட்டுனா மெத்துனு ஒரு உருண்டையா வரும், இது சுமாரா 115 டிகிரி, அதிரசத்துக்கு இந்த இடம் தான். இன்னும் கொஞ்ச நேரம் போனா உருண்டை கெட்டியாகி, எடுத்து எவர்சில்வர் தட்டுல போட்டா டொக்னு சத்தம் கேக்கும், இது 121ல இருந்து 130க்குள்ள. அதையும் தாண்டி 145, 150ன்னு போனா தண்ணில விழுந்த சொட்டு கம்பியா நீண்டு இறுகி, ஒடிச்சா படக்குன்னு ஒடையும், வாயில போட்டா பல்லுல ஒட்டாது. அதுக்கு மேல போனா கசப்பு. கடைசி ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல ரொம்ப நேரம் கிடையாது, அதனால போன எடுத்துப் பேசற வேலையெல்லாம் அப்புறம் வெச்சுக்கோங்க.

பொரி உருண்டை தான் இதுல ஈஸி, கார்த்திகைக்கு எல்லா வீட்டுலயும் பண்றது தான். டொக்னு சத்தம் வர்ற பதத்துல அடுப்ப அணைச்சிட்டு, ஒரு கப் வெல்லத்துக்கு அஞ்சு கப் பொரி, கூடவே ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, பல்லு பல்லா நறுக்கி நெய்யில வறுத்த தேங்கா, கொஞ்சம் சுக்குப் பொடி போட்டு கெளறி, கையில அரிசி மாவத் தொட்டுக்கிட்டு சூட்டோட புடிக்க வேண்டியது தான். பொரி நமுத்துப் போயிருந்தா முன்னாடியே வெறும் சட்டியில லேசா வறுத்துருங்க. பெரிய உருண்டையாப் புடிச்சா கடிக்க முடியாம கெடக்கும், சின்னதா புடிங்க. இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

கமர்கட்டுக்கு வருவோம். சின்ன வயசுல பெட்டிக்கடையில கண்ணாடி பாட்டில்ல இருந்து எடுத்துக் குடுப்பாங்களே, பாதி நேரம் மேல பேப்பர் கூட இருக்காது. தேங்காவும் வெல்லமும் மட்டும் தான், கூட ஏலக்கா. இதுக்கு மிட்டாய்க் கம்பெனி எதுவும் தேவப்படல, தேங்காவும் வெல்லமும் கெடைக்கிற எந்த ஊர்லயும் வீட்டுத் திண்ணையில உக்காந்து உருட்டி பக்கத்துக் கடைக்குப் போடலாம், அப்படித்தான் இது ஊர் ஊரா ஓடிச்சு. அந்தப் பக்கம் கம்பெனி மிட்டாயும் வந்துக்கிட்டே இருந்துச்சு, கடலூர் பக்கத்துல நெல்லிக்குப்பத்துல சர்க்கரை ஆலைய ஒட்டி பாரி கம்பெனி மிட்டாய் தொழிற்சாலை 1914லயே வந்தது, அது 2004ல கொரியாவோட லாட்டே கைக்குப் போச்சு. அத்தனை வருஷம் பேப்பர் சுத்துன மிட்டாயோட ஒரே பெட்டிக்கடையில உக்காந்து கமர்கட் தாக்குப்பிடிச்சிருக்குன்னா, அதுக்கு ஒரே காரணம் ஒண்ணு வாங்குனா அரை மணி நேரம் வாயில கெடக்கும்ங்கறது தான்னு நான் நினைக்கிறேன்.

தேங்கா முத்துனதா இருக்கணும். எளசா இருந்தா ஈரம் அதிகமா விட்டு பாகு எறங்கிப் போயிரும். ரெண்டு கப் துருவல், அடியில இருக்கற பழுப்புத் தோல் வராம துருவுங்க, வந்தாலும் ஒண்ணும் குடிமுழுகிறாது. வெல்லம் ஒன்றரை கப். துருவல மிக்ஸியில தண்ணி இல்லாம ஒரே ஒரு சுத்து சுத்திக்கிட்டா உருட்டும்போது பிசிறு அடிக்காது. பாகு மெத்துனு உருண்டையா வர்ற பதத்துலயே தேங்காவப் போட்டுருங்க, ஏன்னா தேங்காயில இருக்கற ஈரம் பாக மறுபடி கீழ எறக்கும், அப்புறம் ரெண்டும் சேந்து மேல ஏறணும். இங்க இருந்து விடாம கிண்டணும், தீய குறைச்சு வெச்சு ஒரு பதினஞ்சு நிமிஷம் ஆகும். தேங்கா வெள்ளையில இருந்து தேன் நிறமாகி அப்புறம் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகும், சட்டியில ஒட்டாம ஒண்ணா சுருண்டு வரும். ஒரு துளி எடுத்து தண்ணில போட்டு உருட்டி தட்டுல எறிஞ்சு பாருங்க, கல்லு விழுந்த சத்தம் வந்தா எறக்கிறலாம். சத்தம் மொத்தையா வந்தா இன்னும் ரெண்டு நிமிஷம்.

நெய்யத் தொட்டுக்கிட்டு சூடா இருக்கும்போதே கோலிக்குண்டு அளவுக்கு உருட்டணும், கை சுடத்தான் செய்யும், அதனால வீட்டுல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் சின்னச் சின்னதா கிள்ளிப் போட இன்னொருத்தர் உருட்டலாம். நடுவுல இறுகிட்டா மறுபடி அடுப்புல லேசா காட்டுனா போதும், இளகிரும். ஆறுனதும் கடிக்க வந்துச்சுன்னா அது கமர்கட் இல்ல, தேங்கா பர்ஃபி. பல்லு ஆடறவங்க அந்த பர்ஃபியோட நிறுத்திக்கறது நல்லது. தேங்கா இருக்கறதால ரொம்ப நாள் வெக்காதீங்க, ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள தீத்துருங்க, அதுக்கு மேல போனா காறல் அடிக்கும்.

எள்ளு மிட்டாய்க்கு எள்ள முதல்ல வெறும் சட்டியில வறுக்கணும், படபடன்னு பொரியறது அடங்குற நேரத்துல எறக்கிரணும், ஒரு நொடி கூடப் போனாலும் கசக்கும். எள்ளும் வெல்லமும் எடைக்கு எடை, இல்லன்னா வெல்லம் ஒரு பிடி கம்மி. உருண்டையா புடிக்கணும்னா டொக்கு பதம், தகடா வெட்டணும்னா ஒடையற பதம். கறுப்பு எள்ளுதான் ருசி, வெள்ள எள்ளு பாக்க நல்லா இருக்கும் அவ்ளோதான்.

இப்போ கடலை மிட்டாய்.

நிலக்கடலையே நம்ம ஊர்ப் பயிர் கிடையாது, தென் அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்தது. 19ஆம் நூற்றாண்டுல தென்னாற்காடு பக்கம் இது கன்னாபின்னான்னு பரவிச்சு, காரணம் மிட்டாய் இல்ல, எண்ணெய். பிரான்ஸ்ல எண்ணெய்க்கும் சோப்புக்கும் கடலை வேணும்னு பாண்டிச்சேரி துறைமுகம் வழியா கப்பல் கப்பலா போச்சு. அப்படி எண்ணெய்க்காக வந்து ஊன்றுன பயிர் தான் அப்புறம் அவிச்ச கடலை, வறுத்த கடலைன்னு நம்ம வாய்க்கு வந்து சேந்துச்சு. கோவில்பட்டிப் பக்கம் முன்னாடி கடலையையும் கருப்பட்டியையும் சேத்துத் தின்னுக்கிட்டு இருந்தாங்க. 1940கள்ல தான் அங்க மளிகைக் கடை வெச்சிருந்த பொன்னம்பல நாடார் கருப்பட்டிக்குப் பதிலா கரும்பு வெல்லத்துல பாகெடுத்து கடலையப் போட்டு இப்ப நாம பாக்கற கடலை மிட்டாயப் பண்ணி வித்தார்னு சொல்றாங்க. அப்புறம் ஊரே அதப் புடிச்சுக்கிச்சு, இன்னிக்கு மதுரை திருநெல்வேலி ரூட்ல அந்த ஊரத் தாண்டுறவங்க பையில ஒரு பாக்கெட்டாவது இருக்கும்.

அங்க இருக்கற மிட்டாய் தயாரிப்பாளர் சங்கம் 2014ல புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிச்சு 2020 ஏப்ரல்ல கெடச்சிச்சு. அந்த விண்ணப்பத்துல சொல்ற விஷயம் மூணு: கோவில்பட்டி அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணி. தண்ணி எல்லாம் ஒரு காரணமான்னு எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு, பாகுல இருந்து கடைசியில தண்ணி மொத்தமும் ஆவியாத்தானே போகப்போகுது. ஆனா கடலை விஷயம் உண்மை. மானாவாரியில விளையிற கடலை பருப்பு சின்னதா, உள்ள கெட்டியா, எண்ணெயோட இருக்கும், வறுத்தா வாசனை தூக்கும். சூப்பர்மார்க்கெட்ல பெருசு பெருசா ஒரே சைஸ்ல கெடைக்கிறத விட பழைய மளிகைக் கடையில சாக்குல வெச்சிருக்கற சின்னக் கடலைய வாங்குங்க.

முந்நூறு கிராம் கடலைக்கு இருநூறு கிராம் வெல்லம், இதான் கணக்கு. முதல்ல கடலையப் பொறுக்குங்க, சுருங்குனது, கறுத்தது, பூஞ்சை புடிச்சது ஒண்ணு விடாம எடுத்துப் போடுங்க, ஒரே ஒரு சொத்தக் கடலை மொத்த மிட்டாயையும் கசக்க வைக்கும், அது போக பூஞ்சைக் கடலையில இருக்கற அஃப்ளாடாக்ஸின் ஈரலுக்கு விஷம், சூடு பண்ணாலும் முழுசா போகாது. சிம்ல வெச்சு நிதானமா வறுக்கணும், மணல்ல வறுத்தா இன்னும் ஒரே சீரா வறுபடும். தோல் கையால தேச்சா உரியணும், உள்ள லேசா பொன்னிறம் தட்டியிருக்கணும். ஆற விட்டு, தேச்சு, முறத்துல புடைச்சு, ரெண்டா ஒடச்சுக்கோங்க. முழுக் கடலையோட பண்ணா தட்டையா வராது, வெட்டும்போது ஓரத்துல உருண்டு ஓடும். மூக்குல இருக்கற அந்தச் சின்ன முளையும் புடைக்கும்போது போயிரும், அது லேசா கசக்கும்.

பாகு இங்க ஒடையற பதத்துக்குப் போகணும், இதுல தான் பாதிப் பேர் பயந்துபோய் முன்னாடியே எறக்கிர்றாங்க, அப்புறம் மிட்டாய் சூயிங்கம் மாதிரி இழுக்குதுன்னு கேக்கறாங்க. பாகு மேல நுரை பெருசு பெருசா இருந்தது சின்னச் சின்னதா நெருக்கமா மாறும், கெளறுற கரண்டி கனமாகும், நிறம் ஒரு படி இருட்டாகும், வெல்லம் லேசா கருகப் போற மாதிரி ஒரு வாசனை வரும். அந்த நேரத்துல சொட்டு விட்டுப் பாருங்க. ஒடிச்சா வளையாம படக்குன்னு ஒடையணும். வளைஞ்சுச்சுன்னா இன்னும் முப்பது செகண்ட். வந்ததும் ஒரு ஸ்பூன் நெய், ஏலக்கா இல்ல சுக்குப் பொடி, கூட வேணும்னா ரெண்டு சிட்டிகை ஆப்ப சோடா. சோடா போட்டா குபுகுபுன்னு நுரைக்கும், அந்தக் காத்துக் குமிழி உள்ளயே இறுகறதால கடிக்க மொறுமொறுன்னு இருக்கும், பல்லுக்கும் சுலபம். கடைகள்ல சில பேர் குளுக்கோஸ் பாகு சேப்பாங்க, பூக்காம பளபளன்னு வரும்ங்கறதுக்காக. வீட்டுக்கு அது தேவையே இல்ல.

அடுப்ப அணைச்சதும் கடலைய ஒரேயடியா கொட்டுங்க, கடலை வெதுவெதுப்பா இருக்கணும், ஜில்லுன்னு இருந்தா பாகு பட்டதும் அங்கங்க இறுகிக்கும். ரெண்டு கெளறு, நெய் தடவுன பலகையில கொட்டு, நெய் தடவுன சப்பாத்திக் கட்டையால உருட்டு, எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள முடியணும். கொஞ்சம் இளஞ்சூடா இருக்கும்போதே கத்தியால கோடு போட்டுருங்க, முழுசா ஆறிட்டா கோணல்மாணலா தான் ஒடையும். கோவில்பட்டியில மேல கலர் தேங்காத்துருவல் தூவுறது உண்டு, ரோஸ், பச்சை, மஞ்சள்னு. பாக்க அழகு தான், எனக்கு அது தேவையில்லாத அலங்காரம். போடணும்னு ஆசைப்பட்டா பீட்ரூட் சாறுல பொரட்டி நல்லா காய வெச்ச துருவல் போடுங்க. 2024 பிப்ரவரில பஞ்சு மிட்டாய்ல ரோடமின் பி கண்டுபுடிச்சு பாண்டிச்சேரியும் அடுத்து தமிழ்நாடும் தடை போட்டது ஞாபகம் இருக்கும், அது துணிக்குப் போடற சாயம். முகவரி இல்லாத கலர் பொடிய மிட்டாய்ல சேக்கவே வேணாம்.

ஜவ்வு மிட்டாய் கேக்கறவங்களுக்கு: அதையும் பண்ணலாம், ஆனா அது சர்க்கரைப் பாகு, எலுமிச்சை சாறு விட்டு காய்ச்சுறது, அந்தப் புளிப்பு சர்க்கரையக் கொஞ்சம் பிரிச்சு விடறதால பாகு பூக்காம இழுவையா நிக்கும். ஓரளவு ஆறுனதும் ஆணியில மாட்டி இழுத்து மடிச்சு இழுத்து மடிச்சு காத்து ஏத்துனாத்தான் அந்தப் பளபளப்பு வரும். மூங்கில் கொம்பு உச்சியில கை தட்டுற பொம்மையோட வந்து குழந்தை கையில வாட்ச், மயில், தேள்னு நொடியில சுத்திக் கட்டுறவங்க கை வேலை அது, ஒரு வீடியோ பாத்து வராது. தேன் மிட்டாய் இந்தக் கணக்குலயே வராது, அதுல தேனும் இல்ல, உளுந்தும் அரிசியும் அரைச்சுப் பொரிச்சு ஜீராவுல ஊறப் போடறது, அதுக்கு இன்னொரு நாள் எழுதறேன்.

ஒரு எச்சரிக்கை, நூத்தம்பது டிகிரிப் பாகு தோல்ல பட்டா தண்ணி மாதிரி வழிஞ்சு போகாது, ஒட்டிக்கிட்டு சுட்டுக்கிட்டே இருக்கும். அடுப்பு பக்கம் குழந்தைங்கள விடாதீங்க, பட்டுச்சுன்னா பிச்சு எடுக்காம உடனே ஓடுற தண்ணியில காட்டுங்க.

எடுத்து வெக்கறதுக்கு காத்துப் போகாத எவர்சில்வர் டப்பா. வெல்லம் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், மழைக்காலத்துல திறந்து வெச்சா மறுநாளே பிசுபிசுக்கும், அதனால ஆறுன உடனே மூடிருங்க, சூட்டோட மூடாதீங்க, உள்ள வேர்த்துரும். கடலை மிட்டாய் மொறுமொறுப்பு இல்லாம இழுவையா வந்துட்டா தூக்கிப் போட வேணாம், ஒடச்சு சட்டியில போட்டு சிம்ல வெச்சு இளக விட்டு, கடலை கருகாமப் பாத்து, இன்னொரு நிமிஷம் காய்ச்சி மறுபடி தட்டலாம், முதல் தடவ அளவுக்கு வராது, ஆனா சாப்புடலாம். சட்டியில ஒட்டிக் கல்லா இறுகிக் கெடக்கற பாக சொரண்டாதீங்க, தண்ணி ஊத்தி அடுப்புல கொதிக்க விட்டா தானா கரைஞ்சிரும், அந்தத் தண்ணிலயே கொஞ்சம் சுக்கத் தட்டிப் போட்டா ஒரு டம்ளர் சுக்குக் காப்பியும் ஆச்சு.